தோள் கழல்வதற்கு நுண்துளை அறுவை: சேலத்திலேயே செய்துகொள்ளலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திரும்பத் திரும்பக் கழலும் தோளுக்கு ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளையில் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) வழியாகப் போடும் பேங்கார்ட் தையல், சரியான ஆளுக்குச் செய்தால், கொடுக்கும் காசுக்குத் தகுந்த சிகிச்சைதான். அதற்காகக் கோவைக்கோ சென்னைக்கோ பெட்டி கட்ட வேண்டியதில்லை. ஆனால் “சின்னத் துளைதாங்க, மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லித் தரப்படும் பேக்கேஜில் இரண்டு இடம் ஆட்டம் காண்கிறது. ஒன்று, ஓ.டி.க்கு (ஆபரேஷன் தியேட்டருக்கு) போகும் முன் எலும்பை அளப்பது. இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகு பிசியோ. புதிதாக அடிபட்டவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், தைத்த தோள் மறுபடி கழன்றதற்கான காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும். துளை எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் கழலும். கபடியில் ரெய்டு போனவன் கையை எட்டி நீட்ட, பிடிக்கிறவர்கள் அந்தக் கையைப் பின்னால் இழுக்கிறார்களே, அதுதான் கச்சிதமான சந்தர்ப்பம்: கை பக்கவாட்டில் தூக்கி, வெளிப்பக்கம் திரும்பி, பின்னால் தள்ளப்படுகிறது. பைக் சறுக்கிக் கையூன்றி விழுவதும், ஏற்காட்டுச் சரிவில் காபிச் செடிகளுக்கு நடுவே வழுக்குவதும் இதே கதைதான். தோளின் கிண்ணம் மிகவும் ஆழமில்லாதது. அதன் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற குருத்து வளையம், வயலுக்கு வரப்பு மாதிரி ஓடுகிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையான பந்து முன்னால் நழுவும்போது கிண்ணத்தின் முன்-கீழ்ப் பகுதியில் அந்த வரப்பு எலும்பிலிருந்து பிய்ந்துகொள்ளும். 1923இல் இங்கிலாந்தின் பிளண்டெல் பேங்கார்ட் இதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதே நேரத்தில் பந்தின் பின்பக்கம் கிண்ண விளிம்பில் மோதிக் குழி விழும். அதற்கு ஹில்-சாக்ஸ் குழி என்று பெயர். பிய்ந்த வரப்பைத் தைப்பதுதான் இந்த அறுவை. குழியும் கிண்ணத்தின் தேய்மானமும் எவ்வளவு என்பதுதான் தையல் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிக்கும்.

முதல் தடவை கழன்றவுடனேயே அறுவைக்கு ஓட வேண்டுமா? வயதைப் பொறுத்தது. 20 வயதுக்குள் முதல் முறை கழன்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடி கழலும். ஆகவே விளையாடும் பையனுக்கு முதல் முறையே தைப்பதில் நியாயம் இருக்கிறது. 40 தாண்டியவருக்கு மறுபடி கழலும் வாய்ப்பு குறைவு, ஆனால் தோளைத் தூக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். கழன்ற தோளை மாட்டிய பிறகும் சில வாரங்கள் கையைத் தூக்க முடியவில்லை என்றால், “வீக்கம் வத்தினா சரியாயிடும்” என்று விடாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்ல வேண்டும். தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலரி நரம்பு அடிபட்டிருந்தால் அங்கேதான் உணர்ச்சி குறையும். கழன்ற கையை எக்ஸ்ரே இல்லாமல் இழுத்து மாட்டுவதும், மாட்டிய பிறகு எண்ணெய் போட்டு உருவிக் கட்டுக்கட்டுவதும் இந்தப் பக்கம் இன்னும் நடக்கிறது. எலும்பில் விரிசல் இருந்து இழுத்தால், விரிசல் முறிவாகிவிடும்.

இனி முதல் பலவீனத்துக்கு வருவோம். நல்ல டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பார். படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி தூக்கி, மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவார். தோள் ஆட்டம் உள்ளவருக்கு வலிக்கும் முன்னே முகம் மாறிவிடும். “கழண்டுடுங்க, போதும்” என்று நோயாளி மறு கையால் டாக்டரின் கையைப் பிடித்துக்கொள்வார். அப்போது டாக்டர் பந்தை முன்னாலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் அந்தப் பயம் போய்விடும். இரண்டு நிமிடச் சோதனை. கட்டை விரல் மடங்கி முன்கையைத் தொடுகிறதா, முழங்கை பின்பக்கம் வளைகிறதா என்றும் பார்க்க வேண்டும். உடம்பே நெகிழ்வானவர்களுக்குத் தோள் எல்லாப் பக்கமும் ஆடும். அவர்களுக்கு முதல் மருந்து மாதக்கணக்கான தசைப் பயிற்சிதான், தையல் அல்ல. வேண்டும்போதெல்லாம் தோளைத் தானே கழற்றிக் காட்டுகிற ஆள் இருந்தால், அவரை ஓ.டி.க்கு அழைத்துப்போவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. லேப்ரத்தையும் தசைநாரையும் காட்டும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வது சி.டி. ஸ்கேன்தான். அதிலும் பந்தை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை நேருக்கு நேர் காட்டும் முப்பரிமாணப் படம். சேலத்து ஸ்கேன் சென்டரில் “தோள் சி.டி.” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பந்தும் கிண்ணமும் சேர்ந்த படம்தான் கையில் வரும். “பந்தை நீக்கி, இரண்டு பக்கக் கிண்ணமும் ஒப்பிட்டு” என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இதை எழுதித் தருகிற டாக்டருக்கு எங்கள் மதிப்பெண் தாராளம். இரண்டு, மூன்று தடவைக்கு மேல் கழன்றும், சி.டி. பேச்சே எடுக்காமல் அறுவைத் தேதி கொடுத்தால் இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணக்கு கடினமில்லை. நல்ல பக்கக் கிண்ணத்தின் அகலம் 28 மி.மீ., அடிபட்ட பக்கத்தில் முன் விளிம்பு 4 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28ஐ 0.83ஆல் பெருக்கினால் சுமார் 23.2. அதில் 4ஐக் கழித்தால் 19.2. கை தூக்கும்போது கிண்ணம் பந்தின்மேல் ஓடும் தடத்தின் அகலம் அது. பந்தின் பின்பக்கக் குழியை, தசைநார் ஒட்டுமிடத்திலிருந்து குழியின் உள் விளிம்பு வரை அளந்தால் 21 மி.மீ. வருகிறது என்றால், குழி கிண்ணத்தின் தடத்தை விட்டு வெளியே போகிறது. கை தூக்கித் திருப்பும்போது குழி கிண்ண விளிம்பில் சிக்கி, தோள் மறுபடி கழலும். வரப்பை எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் சரி. இந்த ஆளுக்குத் தேய்மானம் 14 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். 20-25 சதவீதத்துக்கு மேல் தேய்ந்தால்தான் எலும்பு வைக்க வேண்டும் என்று நெடுநாள் சொல்லிவந்த கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர் தப்பிவிடுவார். தடக் கணக்கில் மாட்டிக்கொள்வார். இவருக்கு வரப்புத் தையலோடு, பின்பக்கத் தசைநாரைக் குழிக்குள் இழுத்துத் தைக்கும் ரெம்ப்ளிசாஜ் சேர்க்கலாம். அதுவும் துளை வழியாகவே செய்யக்கூடியது.

சி.டி. எடுக்கும் முன்பே எக்ஸ்ரேயை வைத்துப் போடக்கூடிய இன்னொரு மதிப்பெண் முறை 2007இல் பிரான்சிலிருந்து வந்தது. 20 வயது அல்லது அதற்குக் கீழ் என்றால் 2, போட்டி விளையாட்டு 2, மோதும் விளையாட்டு அல்லது கையைத் தலைக்கு மேல் வீசும் விளையாட்டு 1, உடம்பு நெகிழ்வு 1, எக்ஸ்ரேயில் குழி தெரிந்தால் 2, கிண்ண விளிம்பின் கோடு மறைந்திருந்தால் 2. மொத்தம் 10. 19 வயதில் மாவட்ட அளவில் கபடி ஆடும் பையனுக்கு எக்ஸ்ரேயைத் தொடாமலேயே 5 வந்துவிடும். குழியும் தெரிந்தால் 7. 6ஐத் தாண்டினால் வெறும் தையல் வேண்டாம் என்பது அந்த ஆய்வின் முடிவு. அதில் அப்படிப்பட்டவர்களில் 70 சதவீதம் பேருக்கு மறுபடி கழன்றிருந்தது. அவர்களுக்கு லாட்டர்ஜே. அதாவது தோளின் முன்னால் இருக்கும் கோரகாய்டு எலும்பு நுனியை, ஒட்டியிருக்கும் தசைநாரோடு வெட்டி, கிண்ணத்தின் முன் விளிம்பில் இரண்டு ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவது. இதைப் பெரும்பாலும் திறந்துதான் செய்வார்கள். கீறல் பெரிது, நரம்புக்கு அருகில் போகும் வேலை, ஆனால் எலும்பு இல்லாத தோளுக்கு அதுதான் நிற்கும். “கீறல் வேண்டாம், துளைதான் வேணும்” என்று நோயாளியே அடம்பிடித்துத் தவறான அறுவையை வாங்கிக்கொள்வதும் உண்டு.

அறுவை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பில்லைப் படிக்க வசதி. முழு மயக்கம், அதோடு கழுத்துப் பக்கம் நரம்புக்கு, கையை மரத்துப்போகச் செய்யும் ஒரு பிளாக் ஊசி. பக்கவாட்டில் படுக்க வைத்துக் கையை 3 முதல் 5 கிலோ எடையில் இழுத்துக் கட்டுவார்கள், அல்லது சாய்வு நாற்காலி நிலையில் உட்கார வைப்பார்கள். தோளின் பின்பக்கம் ஒரு துளை, முன்னால் இரண்டு. பின் துளையில் 4 மி.மீ. தடிமனுள்ள, 30 டிகிரி சாய்வான லென்ஸ் போகும். முன் துளைகளில் பிளாஸ்டிக் குழாய்கள். மூட்டை விரிக்க 3 லிட்டர் சலைன் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

முதலில் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்ட வரப்பை எலும்பிலிருந்து பெயர்த்தெடுப்பார்கள். கீழே சப்ஸ்கேபுலாரிஸ் தசையின் இழைகள் சிவப்பாகத் தெரியும் வரை பெயர்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். பிறகு எலும்பு விளிம்பை லேசாகச் சுரண்டி ரத்தம் கசிய வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. வலது தோளைக் கடிகாரமாக நினைத்தால் ஐந்தரை மணி இடத்தில் முதல் ஆங்கர் (எலும்புக்குள் பதிக்கும், நூல் கோத்த சிறு ஆணி), பிறகு நாலரை, மூன்றரை, மூன்று என மேலே ஏறும். 3 மி.மீ. அளவு துளை, அதில் ஆங்கர், அதிலிருந்து வரும் நூலை ஆங்கருக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே உள்ள மூட்டுச் சவ்வில் கோத்து மேலே இழுத்து முடிச்சு. தளர்ந்த சவ்வு இறுகி, வரப்பு விளிம்பில் எழும்பி நிற்கும். முடிச்சு சவ்வின் பக்கம் விழ வேண்டும், குருத்தெலும்பின் பக்கம் விழுந்தால் அரைக்கும். ஆங்கர் விளிம்பின்மேல் இருக்க வேண்டும். உள்ளே தள்ளிக் கிண்ணத்தின் கழுத்தில் போட்டால் வரப்பே எழாது, வெளியே துருத்தினால் பந்தைச் சுரண்டும். மூன்று அல்லது அதற்குக் குறைவான ஆங்கர் போட்டவர்களுக்கு மறுபடி கழல்வது அதிகம் என்று ஆய்வுகள் உண்டு. ஆகவே “ரெண்டு ஆங்கர் போதும், செலவு கம்மி” என்பது சிக்கனமல்ல. மற்ற எதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம்.

டைட்டானியமா, பீக் பிளாஸ்டிக்கா, கரையும் வகையா, முழுக்க நூலாலேயே ஆனதா என்று ஆங்கர் வகைகள் ஏராளம். முதல் அறுவைக்கு எது போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஒவ்வொரு ஆங்கர் பெட்டியிலும் லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் நான்கு என்றால் ஸ்டிக்கரும் நான்கு இருக்க வேண்டும். மூட்டுக்குள் சுரண்டும் ஷேவர் பிளேடு, ரேடியோ அலைக் கருவியின் முனை இரண்டும் ஒருமுறை பயன்படுத்தும் பொருள் என்றே பெட்டியில் அச்சிட்டிருக்கும். முழு விலை பில்லில் ஏறியிருந்தால் புதிதாகப் பிரித்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. கேட்டால் முகம் சுளிக்கிற பில்லிங் கவுண்ட்டருக்கு ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம்.

செலவு யோசனை உள்ளவர்கள் முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் எலும்புப் பிரிவு ஓ.பி.யில் காட்டிவிடுவது நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்ட்டரில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இந்த அறுவைக்கு இங்கே அனுமதி உண்டா, ஆங்கர் அந்தத் தொகைக்குள் அடக்கமா. முன் அனுமதி வராமல் ஓ.டி.க்குப் போய்விட்டுப் பிறகு அலைவது வேண்டாத வேலை.

அன்றிரவு தோள் உருண்டையாக வீங்கியிருக்கும், கட்டு இளஞ்சிவப்பாக நனையும். உள்ளே விட்ட சலைன்தான் அது, ஓரிரு நாளில் வடிந்துவிடும். பிளாக் ஊசி இருக்கும் வரை கை யாருடையதோ போலத் தொங்கும். ஒரு பக்க இமை சரிவது, குரல் கம்முவது, மூச்சு முழுசாக இழுக்க முடியாதது போல் தோன்றுவது எல்லாம் அந்த ஊசியின் வேலை. அது விலகினால் இவையும் விலகும். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மரத்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, சுட்டாலும் தெரியாது. ஊசியின் மரப்பு விலகும் வரை காத்திருக்காமல், படுக்கும் முன்பே வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிய பிறகு மாத்திரை தேடினால், அது வேலை செய்ய நேரமாகும்.

ஸ்லிங் மூன்று முதல் ஆறு வாரம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரணத் துணிப் பை ஸ்லிங்கில் முழங்கை பின்பக்கம் நழுவும். முழங்கை உடம்புக்குப் பின்னால் போனால் தைத்த முன்பக்கம் இழுபடும். இடுப்புப் பட்டை உள்ளதை வாங்குங்கள். படுக்கும்போது முழங்கைக்குக் கீழே மடித்த போர்வை வையுங்கள். சட்டை போடும்போது அறுவைக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் திரும்புகிறவர்கள் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: வண்டி திரும்பும்போது கை தன்னையறியாமல் கம்பியைத் தேடும், அதுவும் பழகிய கையே நீளும். அறுவைக் கை ஸ்லிங்கில் பட்டையோடு இறுகியிருக்கட்டும், மறு கை எட்டும் தூரத்தில் கம்பி இருக்கும் சீட்டாகப் பாருங்கள். காரில் போக முடிந்தால் அதுவே உத்தமம்.

இப்போது இரண்டாவது பலவீனம். டிஸ்சார்ஜ் சீட்டில் “பிசியோதெரபி” என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கும். எந்த வாரம் எத்தனை டிகிரி என்று இருக்காது. அதனால் ஒரு பிசியோ இரண்டாம் வாரத்திலேயே கையை வெளிப்பக்கம் திருப்பி நெட்டுவார், தையல் தளரும். இன்னொருவர் பயந்துகொண்டு ஆறு வாரம் அசைக்காமல் விடுவார், தோள் இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இறுக்கம் சீக்கிரம் வரும். பொதுவான வரிசை இப்படி: முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவு. முதல் சில வாரங்களில் மறு கை உதவியோடு முன்னால் தூக்குவது 90 டிகிரிக்குள், வெளிப்பக்கம் திருப்புவது நேர்க்கோட்டைத் தாண்டாமல் அல்லது 30 டிகிரிக்குள். ஆறு வாரத்துக்குப் பிறகு வீச்சைக் கூட்டுவது. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் ரப்பர் பட்டை, தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் பயிற்சிகள். மோதும் விளையாட்டு ஆறு மாதத்துக்கு முன் கிடையாது. ரெம்ப்ளிசாஜ் செய்திருந்தால் இந்த வரிசையே மாறும், ஆகவே டாக்டரின் கையெழுத்தோடு வாரவாரியான அட்டவணை வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பிசியோ சென்டரை எடைபோட ஒரு வழி உண்டு. நீங்கள் போகிற நேரத்தில் பாதிக்கு மேல் கரண்ட் மிஷினிலும் மெழுகு ஒத்தடத்திலும் கழிந்தால் அங்கே காசு வீண். வெளித்திருப்பத்தை, கோணம் அளக்கும் கோனியோமீட்டர் வைத்து அளந்து, தேதியோடு எழுதுகிறவர் கிடைத்தால் ஐந்து ரோட்டிலிருந்து அம்மாப்பேட்டை வரை பஸ் மாறிப் போனாலும் தகும்.

வேலைக்குத் திரும்புவது வேலையைப் பொறுத்தது. மேஜையில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசு பற்றவைக்கிறவர் ஸ்லிங் கழற்றிய சில வாரத்தில் உட்காரலாம். தறி ஓட்டுகிறவருக்கு, அதுவும் கையால் நாடா இழுக்கிற தறி என்றால், மூன்று மாதமாவது வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கிறவர் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மிளகுப் பறிப்புக்கு ஆள் தேவைப்படுவது ஆண்டின் தொடக்க மாதங்களில், ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே அறுவையை முடித்துக்கொண்டால் கூலி இழப்பு குறையும். பைக் எட்டு வாரத்துக்கு முன் வேண்டாம்.

வலிப்பு உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. வலிப்பில் தோள் பின்பக்கமாகவும் கழலும், நேர் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போய்விடுவதுண்டு. அக்குள் வழியாக எடுக்கும் எக்ஸ்ரேயையும் கேளுங்கள். மருந்தில் வலிப்பு கட்டுப்படாத நிலையில் தைத்தால், அடுத்த வலிப்பு தையலைப் பிய்த்துவிடும். நரம்பு டாக்டர் சரி என்ற பிறகே எலும்பு டாக்டர்.

காய்ச்சல், துளையில் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் தையல் பிரிக்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். தோளைக் கெடுக்கும் ஒரு கிருமி மெதுவாக வேலை செய்வதால், மாதங்கள் கழித்து இறுக்கமாகவும் மந்த வலியாகவும் காட்டும். எல்லாம் சரியாக நடந்தும் சிலருக்குத் தோள் மறுபடி கழலும். அப்படியானால் லாட்டர்ஜே இன்னும் கையிருப்பில் இருக்கிறது. அதைச் செய்யும் டாக்டர் முதலில் கேட்பது பழைய சி.டி. ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும், ஆர்த்ரோஸ்கோப்பியில் எடுத்த படங்களையும், அறுவைக் குறிப்பையும், அந்த ஆங்கர் ஸ்டிக்கர் பக்கத்தையும்தான். டைட்டானியம் எக்ஸ்ரேயில் தெரியும், பீக் தெரியாது. எங்கே எத்தனை ஆங்கர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஸ்க்ரூவுக்கு இடம் பார்க்க முடியும்.